சிங்கத் தகடு

எங்கள் வீட்டுக் கூடத்துச் சுவரில் ஒரு ஆணி இருந்தது. அது சாமி படத்துக்கு அடித்ததும் இல்லை, காலண்டருக்கு அடித்ததும் இல்லை. என் கழுத்தில் கிடக்கும் தகட்டைக் கழற்றி மாட்டுவதற்காக என் வீட்டுக்காரர் அடித்தது. "தகட்ட கழட்டு" என்று அவர் சொன்னால் நான் எழுந்து போய்க் கழற்றி, அந்த ஆணியில் மாட்டிவிட்டு, திரும்பி வந்து நிற்க வேண்டும். அதற்கப்புறம்தான் அடி விழும்.

தகடு என்றதும் பெரிதாக ஒன்றும் நினைக்க வேண்டாம். கட்டைவிரல் நீளம்தான் இருக்கும். பிறை மாதிரி வளைந்த வெள்ளி. இரண்டு கொம்பிலும் ஓட்டை போட்டு மெல்லிய சங்கிலி கோத்திருந்தது. முன்பக்கம் இங்கிலீஷ் எழுத்து வெட்டியிருந்தது. பின்பக்கம் எள்ளளவிலும் அரிசியளவிலும் சின்னச் சின்ன அச்சுகள். ஒன்றில் ஒரு காலைத் தூக்கிக்கொண்டு நடக்கும் சிங்கம். பக்கத்தில் ஒரு முகம், கன்னத்தைக் காட்டிக்கொண்டு. சிங்கம் நரசிம்மர், முகம் தாயார் என்று என் மாமியார் சொல்வார். கெடிலத்தில் வெள்ளம் வடிந்தபோது அவருடைய மாமியாருக்கு மணலில் அகப்பட்டதாம். ஆற்றில் வந்த சாமியை விடலாமா என்று கழுத்தில் போட்டுக்கொண்டார்களாம். எழுத்து மட்டும் ஏன் இங்கிலீஷில் இருக்கிறது என்று யாரும் கேட்டதாகத் தெரியவில்லை.

சங்கிலி மிகவும் குட்டை. பச்சைக் குழந்தை கழுத்துக்குக்கூட மாட்ட முடியாது. அதனால் நடுவில் வெட்டி, கறுப்புக் கயிறு வைத்து நீட்டியிருந்தார்கள்.

நான் கல்யாணமாகி வந்த புதிதில் சைக்கிள் சாவியை எங்கேயோ வைத்துவிட்டேன். வீட்டுக்காரருக்கு அப்போது சிப்காட்டில் ஒரு கம்பெனியில் மூட்டை ஏற்றுகிற வேலை. ஷிப்டுக்கு நேரமாகிவிட்டது என்று காற்றடிக்கும் பம்பை எடுத்து அடித்தார். நான் கையைக் குறுக்கே கொடுத்தேன், மணிக்கட்டு ஒடிந்தது. ஒடிந்த சத்தம் எனக்கே கேட்டது. மாமியார் புளியும் மஞ்சளும் குழைத்துப் பற்றுப் போட்டார். ஒரு வார்த்தைகூட மகனைக் கேட்கவில்லை. கையைக் கட்டி முடித்த பிறகு தன் கழுத்திலிருந்த தகட்டை எடுத்து என் தலை வழியாகப் போட்டார்.

"எனக்கு இனிமே எதுக்கு? அடிக்கறவரு போய்ட்டாரு. நீ போட்டுக்க. இந்த வூட்ல அடி வாங்கலாம், ஆனா சாவறது கெடையாது."

அதன் கதையையும் அப்போதுதான் சொன்னார். என் மாமனார் ஒரு நாள் குடித்துவிட்டு வந்து, தகடு கழுத்தில் கிடக்கும்போதே மாமியாரை விறகுக் கட்டையால் அடித்திருக்கிறார். மறுவாரமே அடித்த கை அவருக்கு விழுந்துவிட்டது. சாகும்வரை இடது கையால்தான் சாப்பிட்டாராம். அதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்து வளர்ந்தவர் என் வீட்டுக்காரர். தகட்டின் மேல் கை படக் கூடாது என்பதில் அவ்வளவு பயம். ஆனால் அடிக்காமல் இருக்கவும் முடியவில்லை. அதற்குத்தான் அந்த ஆணி.

நான் கூடத்தின் இந்தக் கோடியிலிருந்து ஆணிக்குப் போய் வருவதற்குள் கோபம் இறங்கிவிடும் என்று மாமியார் ஆறுதல் சொல்வார். அப்படி நடந்ததும் உண்டு. ஒரு தடவை நான் மாட்டிவிட்டுத் திரும்பினால் அவர் உட்கார்ந்தபடியே தூங்கிவிட்டார். மற்றபடி, நான் மாட்டுகிற நேரத்தில் அவர் இடுப்பு பெல்ட்டை உருவி வைத்திருப்பார். ஒரு காது மந்தமானது, இரண்டு விலா எலும்பு, கீழ் வரிசையில் பல் எல்லாம் இப்படிப் போனவைதான். ஆஸ்பத்திரியில் கேட்டால் கிணற்றடியில் வழுக்கி விழுந்தேன் என்பேன். கிணறு தூர்த்து, குழாய் வந்த பிறகும் கிணற்றடி என்றே சொல்லிக்கொண்டிருந்தேன். எந்தக் கிணறு என்று யாரும் கேட்கவில்லை.

ஒரே ஒரு தடவை கழற்ற மாட்டேன் என்று நின்றேன். பேசவில்லை, இரண்டு கையாலும் தகட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன், அவ்வளவுதான். அவர் மூலையில் சிலேட்டு வைத்து எழுதிக்கொண்டிருந்த எங்கள் பெண்ணை ஒரு கையால் தூக்கினார். பெல்ட்டின் பித்தளைக் கொக்கி பட்டு அவள் புருவம் கிழிந்தது. அந்தத் தழும்பு இன்றைக்கும் இருக்கிறது. அன்றைக்கு நான் ஓடிப்போய் ஆணியில் மாட்டிய வேகத்தில் ஆணியே ஆடியது. அதற்கப்புறம் கழற்று என்றால் கழற்றிவிடுவேன்.

எங்களுக்கு அவள் ஒருத்திதான். பி.காம். படித்தாள். சிதம்பரத்தில் கொடுத்தோம். மாப்பிள்ளைக்கு டூவீலர் ஸ்பேர் பார்ட்ஸ் கடை. பார்க்க வந்தபோது தலை குனிந்து பேசினார், காபி டம்ளரைத் தானே கொண்டுபோய் உள்ளே வைத்தார். எனக்கு அதுவே போதும் என்று இருந்தது. தகட்டைப் பெண்ணுக்குக் கொடுக்கவில்லை. அவளுக்கு அது தேவைப்படாது என்று நம்பினேன்.

போன வருஷம் மழைக்காலத்தில் அவள் பக்கத்து வீட்டம்மா போன் செய்தார். உங்கள் பெண் பாத்ரூமில் வழுக்கி விழுந்துவிட்டாள், ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறோம் என்றார். எப்படி விழுந்தாள் என்று நான் கேட்கவில்லை. அந்த வாக்கியம் எனக்குத் தெரியும்.

வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் வேலையை விட்டு ஓய்வில் இருந்த காலம் அது. தலை முழுக்க நரைத்துவிட்டது, சர்க்கரை இருந்தது, அடியும் முன்னைப்போல் ஜாஸ்தி இல்லை. கேட்டு முடித்ததும், "தகட்ட எடுத்துனு போயி அவளுக்குப் போட்டு வுடு" என்றார். எனக்கும் அதுதான் மனசில் ஓடியது. அவள் உயிரோடு இருக்க வேண்டும். அதற்கு என் கையில் இருந்தது அது ஒன்றுதான்.

ஆஸ்பத்திரியில் அவளை எனக்கு முதலில் அடையாளம் தெரியவில்லை. ஒரு கண் மூடிக் கிடந்தது. தாடை இரண்டு இடத்தில் உடைந்து, மேல் பல்லையும் கீழ்ப் பல்லையும் கம்பி வைத்துச் சேர்த்துக் கட்டியிருந்தார்கள். வாய் திறக்க முடியாது. பல் சந்து வழியாகக் குழல் வைத்துக் கஞ்சித் தண்ணீர் உறிஞ்சினாள். பேச வேண்டியதைப் போனில் தமிழில் பெரிதாக அடித்துக் காட்டினாள். நான் அஞ்சாவது வரைதான் படித்தேன், எழுத்துக் கூட்டிப் படித்துவிடுவேன்.

மாப்பிள்ளை குடித்துவிட்டு பைக் எடுக்கப் போயிருக்கிறார். எங்கேயாவது விழுந்துவிடப் போகிறாரே என்று இவள் சாவியை ஒளித்து வைத்திருக்கிறாள். கேட்டார், கொடுக்கவில்லை. நாற்காலியில் இருந்த ஹெல்மெட்டை எடுத்து முகத்தில் அடித்திருக்கிறார். அவள் கீழே விழுந்த பிறகும் விடவில்லை. இதைப் படித்து முடித்துவிட்டு நான் அவளிடம் போனைக் கொடுத்தேன். என் மணிக்கட்டு அன்றைக்கு வலித்தது.

தகட்டைக் கழற்றப் போனேன். இழுத்த இழுப்பில் கயிறு அறுந்து, கொம்பில் இருந்த வளையமும் வாயைப் பிளந்துவிட்டது. அறுந்த தகட்டைப் போடக் கூடாது, ஒட்டிக்கொண்டு வருகிறேன் என்று கடைத்தெருவுக்குப் போனேன்.

மேல வீதிப் பக்கம் ஒரு சந்தில் வெள்ளி வேலை செய்கிற பத்தர் இருந்தார். வளையத்தைப் பார்க்கத்தான் கொடுத்தேன். அவர் கண்ணில் லென்சை வைத்துத் தகட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இது யார் கொடுத்தது என்று கேட்டார். மாமியார் கொடுத்தது, நரசிம்மர் தகடு என்றேன். அவர் சிரிக்கவில்லை. அந்த மனுஷன் சிரிக்காமல் சொன்னதற்காக நான் இன்றும் அவரை நினைப்பேன்.

"இது நம்மூரு வேல இல்லீங்கம்மா. சிங்கம் சாமி இல்ல. வெள்ளி சுத்தமானதுன்னு இங்கிலீஷ்காரன் அடிக்கற முத்திரை. பழைய ஸ்பூன்ல பாத்துருக்கேன்."

"பக்கத்துல தாயார் இருக்காங்களே" என்றேன்.

"அது எவனோ ராஜா. மூக்கப் பாருங்க."

லென்சை என் கண்ணில் வைத்துக் காட்டினார். பெரிய மூக்கு, தடித்த கழுத்து, ஆம்பிளைதான். இத்தனை வருஷம் அந்த மூக்கைத் தொட்டுக் கண்ணில் ஒற்றியிருக்கிறேன். முன்னால் இருக்கும் எழுத்து என்ன என்று கேட்டேன். படித்துப் பார்த்து, ஏதோ பேர் மாதிரி இருக்கிறது, அர்த்தம் தெரியவில்லை என்றார். எதற்குச் செய்தது என்றும் அவருக்குத் தெரியவில்லை. சங்கிலியை அளந்து பார்த்துவிட்டு, இது மனுஷக் கழுத்துக்குச் செய்ததே இல்லை என்று மட்டும் சொன்னார். வளையத்தை ஒட்டி, புதுக் கயிறு கட்டிக் கொடுத்தார்.

திரும்பி வந்து பெண்ணிடம் சொன்னேன். அவள் கையை நீட்டினாள். தகட்டைப் போர்வை மேல் வைத்து முன்னும் பின்னும் போட்டோ எடுத்தாள். சின்ன வயதில் அதைத் தொட அவளுக்கு அனுமதி இல்லை, அது என் ரவிக்கைக்குள்ளேயே கிடந்தது. போனைத் தடவிக்கொண்டே இருந்தாள். நான் கஞ்சியை ஆற்றிக்கொண்டிருந்தேன். திடீரென்று கட்டில் ஆடியது. பார்த்தால் அவள் உடம்பு குலுங்குகிறது. அழுகிறாள் என்று முதுகைத் தடவப் போனேன். அழவில்லை, சிரித்தாள். வாய் திறக்காமல், மூக்கு வழியாக. கம்பி இழுத்து ஈறிலிருந்து ரத்தம் வந்தது, அப்பவும் நிற்கவில்லை.

போனை என் பக்கம் திருப்பினாள். ஒரு கண்ணாடி பாட்டில். நல்ல வேலைப்பாடு, அடி பருத்து, கழுத்து நீண்டு இருந்தது. அந்தக் கழுத்தில் அதே பிறை. அதே குட்டைச் சங்கிலி. பாட்டில் கழுத்தில் அது அளவெடுத்த மாதிரி கிடந்தது.

சென்ட் பாட்டிலா என்று கேட்டேன். அவள் அடித்துக் காட்டினாள்.

"சரக்கு பாட்டில்மா. இதுல எழுதியிருக்கறது மதேரான்னு ஒரு ஒயினாம். எதுல எந்தச் சரக்குன்னு தெரிய வெள்ளக்காரங்க பேர் எழுதி மாட்டுவாங்களாம்."

நான் அதை மறுபடியும் எழுத்துக் கூட்டிப் படித்தேன். குடித்துவிட்டு வந்தவர் கையிலிருந்து காப்பாற்றும் என்று ஒருத்தி கழுத்திலிருந்து ஒருத்தி கழுத்துக்கு மாற்றிக்கொண்டிருந்தோம். மாமியாருக்கு இது தெரியாமல் போனதே நல்லது. பெண் தகட்டை என்னிடம் திருப்பிக் கொடுத்தாள். கழுத்தை நீட்டவில்லை. நான் என்ன செய்வதென்று தெரியாமல் என் கழுத்திலேயே போட்டுக்கொண்டேன்.

ஆஸ்பத்திரியிலிருந்து கடலூரில் எங்கள் வீட்டுக்கே கூட்டி வந்தேன். வாயில் கம்பி இன்னும் இருந்தது. வந்த வாரமே மாப்பிள்ளை, அவர் அம்மா, அண்ணன் மூன்று பேரும் வந்துவிட்டார்கள். பெண்ணைக் கூட்டிப் போக வேண்டும், அதுதான் பேச்சு. ஆப்பிள் பழமும் கண்ணாடி பாட்டிலில் சத்துமாவும் வாங்கி வந்திருந்தார்கள். வாய் கட்டிக் கிடப்பவளுக்கு ஆப்பிள். சம்பந்தியம்மா அதில் ஒன்றை எடுத்துத் துடைத்து அவள் மடியிலேயே வைத்தார்.

மாப்பிள்ளை ஹெல்மெட்டை நாற்காலியில் வைத்துவிட்டு உட்கார்ந்தார். கோபத்தில் கை நீண்டுவிட்டது, இனிமேல் ஆகாது என்றார். அண்ணன் எல்லா வீட்டிலும் நடப்பதுதானே என்றார். என் வீட்டுக்காரர் தலையாட்டிக்கொண்டே வந்தார். பெண் சுவரோரம் உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். இப்போது போனால் அடுத்த தடவை மண்டைதான். அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

"ஒண்ணும் ஆவாது, தகட்டப் போட்டு அனுப்பறோம்" என்றார் வீட்டுக்காரர். பிறகு மாப்பிள்ளை பக்கம் சாய்ந்து, கடை விவரம் சொல்வது போலப் பொறுமையாகச் சொன்னார். "ஒண்ணே ஒண்ணு மாப்ள. தகடு கழுத்துல கெடக்கும்போது கை வெக்காதீங்க. எங்கப்பாவுக்குக் கையே பூடுச்சு. அடிக்கறதுன்னா கழட்டச் சொல்லிட்டு அடிங்க."

மாப்பிள்ளை சரிங்க மாமா என்றார். சம்பந்தியம்மா தகடு இருந்த திசையைப் பார்த்துக் கும்பிட்டார்.

நான் நாலு பேர் நடுவில் பேசினவள் இல்லை. கல்யாணப் பேச்சில்கூட உள்ளே நின்றுதான் கேட்டேன். அன்றைக்கு என் குரல் எப்படி வந்தது என்று தெரியவில்லை. "இது பாட்டில் கழுத்துல மாட்றது" என்றேன். யாருக்கும் கேட்கவில்லை. மறுபடியும் சொன்னேன். பெண் போனை உயர்த்திப் படத்தைக் காட்டினாள். மாப்பிள்ளை வாங்கிப் பார்த்தார், எழுத்தைப் படித்தார், என் கழுத்தைப் பார்த்தார். பிறகு தொடையில் தட்டிச் சிரித்தார்.

"இன்னா மாமா, இத்தினி வருசமா சரக்கு லேபிளயா கும்புட்டீங்க?"

வீட்டுக்காரர் முகம் கறுத்துப் போனது. எழுந்தார். என் கை பழக்கத்தில் கயிற்றுக்குப் போய்விட்டது. "கழட்டு" என்ற சொல்லுக்காக நின்றேன். அவர் சொல்லவில்லை. கை நேராக என் நெஞ்சில் விழுந்தது. தகட்டின் கொம்பு தொண்டைக்குக் கீழே குத்தி இறங்கியது. பீரோவில் மோதி விழுந்தேன். நிமிர்ந்து பார்த்தபோது அவர் தன் வலது கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். மடக்கினார், நீட்டினார். ஒன்றும் ஆகவில்லை. மறுபடியும் மடக்கிப் பார்த்தார். அப்புறம் என்னை உதைத்தார். ஆணிக்குப் போய் வருகிற நேரம்கூட இனிமேல் எனக்குக் கிடையாது என்று அப்போது விளங்கியது.

இந்தக் கலவரத்தில் மாப்பிள்ளை, "சரி கெளம்பு" என்று பெண்ணின் முடியைக் கொத்தாகப் பிடித்துத் தூக்கினார். அவளால் கத்த முடியவில்லை. கட்டிய பல்லுக்குள்ளிருந்து ஒரு சத்தம் வந்தது. சின்ன வயதில் பெல்ட் கொக்கி பட்டபோதுகூட அவள் அப்படிச் சத்தம் போடவில்லை. நாற்காலியில் ஹெல்மெட் இருந்தது. வாரைப் பிடித்துச் சுழற்றி மாப்பிள்ளை கையில் அடித்தேன். மணிக்கட்டு. ஒடிகிற சத்தம் எனக்குத் தெரிந்த சத்தம்தான். இன்னொரு தடவையும் அடித்தேன், அது தோளில் பட்டது. அண்ணன் என்னைப் பிடிக்க வந்தார். பெண் சத்துமாவு பாட்டிலை வாசற்படியில் ஓங்கி உடைத்து, உடைந்த பாதியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றாள். தரையெல்லாம் மாவு. அண்ணன் அப்படியே நின்றுவிட்டார். வீட்டுக்காரர் பீரோ பக்கத்திலிருந்து நகரவில்லை. சம்பந்தியம்மா கத்திக்கொண்டே இருந்தார்.

செருப்புப் போடாமல் தெருவுக்கு வந்து ஆட்டோ பிடித்தோம். மஞ்சக்குப்பம் என்றேன், மகளிர் ஸ்டேஷன் என்று சொல்ல வாய் கூசியது. ஆட்டோக்காரரிடம் பெண்தான் போனில் அடித்துக் காட்டினாள்.

ஸ்டேஷனில் இருந்த போலீஸ் அம்மா என் ரவிக்கையில் ரத்தத்தைப் பார்த்து, விழுந்துவிட்டீர்களா என்று கேட்டார். ஆமாம் என்று நாக்கு நுனிவரை வந்துவிட்டது. பெண் என் முழங்கையைப் பிடித்தாள்.

"விழல. அடிச்சாங்க" என்றேன். "என்னிய என் வூட்டுக்காரரு, அவள அவ வூட்டுக்காரரு. மாப்பிள்ளைய நான் அடிச்சன்."

மூன்றையும் எழுதிக்கொண்டார்கள். தொண்டைக்குக் கீழே பிறை வடிவில் சிவந்திருந்ததைப் போட்டோ எடுத்தார்கள்.

மாப்பிள்ளை கொடுத்த புகாரும் இருக்கிறது. கூப்பிடும்போதெல்லாம் போகிறேன், அடித்தேன் என்றே சொல்கிறேன். பெண் சிதம்பரம் போகவில்லை. வாய்க் கம்பியை எடுத்த பிறகு ஒரு ஆடிட்டர் ஆபீசில் வேலைக்குச் சேர்ந்தாள். ஒற்றை அறை வாடகைக்கு எடுத்து இரண்டு பேரும் இருக்கிறோம். அவளால் இடது பக்கம் இன்னும் கடித்துச் சாப்பிட முடியவில்லை.

போன மாதம் வீட்டுக்காரர் ஒரு ஆள் மூலம் சொல்லி அனுப்பினார். விடிகாலையில் வலது கை மரத்துப் போகிறதாம், தகட்டோடு ஒரு தடவை வந்து போகச் சொன்னாராம். சர்க்கரைக்கு மாத்திரை ஒழுங்காகப் போடச் சொல்லுங்கள் என்று பெண் பதில் சொல்லிவிட்டாள். நான் உள்ளே இருந்தேன், வெளியே வரவில்லை.

எங்கள் அலமாரியில் நல்லெண்ணெயும் விளக்கெண்ணெயும் ஒரே மாதிரி பாட்டிலில் இருக்கின்றன. ஒரு நாள் அவசரத்தில் தோசைக்கு விளக்கெண்ணெயை ஊற்றிவிட்டேன். அன்றைக்குக் கறுப்புக் கயிற்றை அவிழ்த்துப் போட்டுவிட்டுச் சங்கிலியைச் சேர்த்து விளக்கெண்ணெய் பாட்டிலுக்கு மாட்டினேன். கழுத்துக்குச் சரியாக இருக்கிறது.